சாட்டிக் கடற்கரையில் மாமிக்கு நான் கொடுத்த வருத்தம்

எதற்கும் பயப்படுகிற ஆட்களைக் காரில் ஏற்றவே கூடாது. என்னைத்தான் சொல்கிறேன். மழை வந்தால் கூரையை நினைத்துப் பயப்படுவேன். வராவிட்டால் கிணற்றை நினைத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். (மேலே படித்திருந்தால் பயப்படுவதற்கு இன்னும் கொஞ்சம் விஷயம் கிடைத்திருக்கும் என்பார் என் கணவர்.)

அறுபதுகளின் நடுப்பகுதி. கலியாணமான புதிது. தெற்கே கடை வைத்திருந்த என் கணவர் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கிப் எங்கள் ஊரான புங்குடுதீவுக்குக் கொண்டுவந்திருந்தார். முதற் சவாரி சாட்டிக்குக் கடல் குளிக்க. அவர், நான், அவருடைய தாயாரான என் மாமி.

மாமி அதிகம் பேசமாட்டார். பேசாதவர்கள் மனதுக்குள் நம்மைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. நான் வைத்த குழம்பை நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. என்றைக்கு என்னைத் தாய் வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்புவாரோ என்ற யோசனையில் எனக்கு நித்திரையே இல்லை. அன்றைக்காவது அவரிடம் நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்றுதான் காரில் ஏறினேன்.

சாட்டியில் கார் விடுகிற இடம் பனங்கூடலுக்குள். கணவரும் ஒழுங்காக அங்கேதான் விட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். ஆவணி மாதம்.

“இஞ்சருங்கோ, மேலை பனங்காய் பழுத்துத் தொங்குது. விழுந்தா காரின்ரை கூரை தாங்குமே?”

அவரும் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான், காரை எடுத்துக்கொண்டுபோய் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில், பூவரச நிழலில் நிறுத்தினார். அங்கே ஒரு பலகை நின்றது: இவ்விடத்தில் வாகனம் நிறுத்தக் கூடாது. தீவுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பவுசர் வந்துபோகிற வழியாம்.

“பலகை போட்டிருக்கினமே?” என்றேன்.

“ஆள் இருந்தாப் பிழையில்லை. நீர் இரும், நாங்கள் குளிச்சிட்டு ஓடி வாறம்.”

எனக்குக் கடலும் பயம். ஆகவே காரோடு இருந்துகொண்டேன். மாமி திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் பவுசர் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. முன்னால் காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒருவர் வந்து நின்றார். கிராமச் சங்கத்துக் காவல்காரர். (காக்கி போட்ட எவரும் அந்நாளில் எனக்குப் பொலிஸ்தான். தபால்காரரைக் கண்டும் கதவைச் சாத்தியிருக்கிறேன்.)

“தங்கச்சி, காரை எடுங்கோ.”

“எனக்குக் கார் ஓடத் தெரியாது.”

“அப்ப ஆர் கொண்டந்தது? பலகை தெரியேல்லையோ?”

‘தெரிந்தது’ என்று சொன்னால் பிடித்து மறியலில் போடுவார்கள், ‘தெரியவில்லை’ என்றால் பொய். இரண்டுக்கும் நடுவில் என் வாய் தன்பாட்டில் திறந்தது.

“மாமிக்குக் கடும் வருத்தம், ஐயா. நடக்க ஏலாது. அதுதான் கிட்டக் கொண்டந்தனாங்கள்.”

அவருடைய முகம் இளகிவிட்டது. “அப்பிடியே? எங்கை இப்ப அவ?”

“கடலுக்கை.”

“வருத்தக்காரியைக் கடலுக்கையோ விட்டிருக்கிறியள்?”

“வைத்தியர் சொன்னவர். உப்புத் தண்ணி காலுக்கு நல்லதாம். ரண்டு காலும் ஏலாது ஐயா. ஒரு அடி வைக்கமாட்டா.”

அந்த நேரம் பார்த்து மாமி கடலிலிருந்து வந்தார். நடந்து வரவில்லை. மத்தியான மணல் நெருப்பாகக் கொதித்ததால், ஈரச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மான் மாதிரித் துள்ளித் துள்ளி ஓடி வந்தார்.

“மாமீ! ஓடாதேங்கோ! உங்களுக்குக் கால் ஏலாது!” கத்திவிட்டேன்.

மாமி நின்றார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

“ஐயோ, என்ரை காலே!” என்று அந்தக் கொதிமணலில் தொப்பென்று இருந்துவிட்டார் மாமி.

பின்னால் வந்த கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னம்மா, இப்பதானே என்னை முந்தி ஓடி வந்தனீங்கள்?”

“வாயைப் பொத்து. தூக்கடா கெதியா!” (அந்த ‘கெதியா’வில் இருந்த வேதனை நடிப்பில்லை. கீழே மணல்.)

காவல்காரரும் பவுசர் ஓட்டுநரும் ஓடிப்போய் இரண்டு பக்கமும் தாங்கி மாமியைக் காரில் ஏற்றினார்கள். “இனி வந்தா இஞ்சையே விடுங்கோ, அம்மா. பவுசரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுறன்,” என்றார் அந்த நல்ல மனிதர்.

கார் புறப்பட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். சுகமாயிருக்கிற மனுஷிக்கு வருத்தம் சொன்னவளை எந்த மாமி வீட்டில் வைத்திருப்பாள்? கார் கடற்கரைப் புல்வெளியைத் தாண்டியது. பிறகு மாமி என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, அடுத்தமுறை தடிமன் எண்டு சொல்லு. நிண்டுகொண்டே தும்மலாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். கணவர் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்கு இரவு நித்திரை கொண்டேன்.

ஆனால் வினை அத்தோடு விடவில்லை. அதன்பிறகு சாட்டிக்குப் போகும்போதெல்லாம் காவல்காரர் எங்கள் காரைக் கண்டதும் ஓடி வருவார். மாமியும் என் தோளைப் பிடித்து நொண்டி நொண்டித் தண்ணீர்வரை போவார். இடுப்பளவு ஆழம் வந்ததும் குமரியாகிவிடுவார். “போன முறைக்கு இப்ப நடை திறம், அம்மா,” என்று மகிழ்ந்த அந்த மனிதர், பிறகு முழங்கால் நோவுக்காரியான தன் தாயாரையும் கடலில் குளிக்கக் கூட்டிவரத் தொடங்கினார். (அவருக்கு உண்மையாகவே சுகமானதாம்.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையிலிருந்து நழுவப் பார்த்தால், “ஏன், சாட்டிக் கால் வருத்தமோ?” என்றுதான் கேட்பார்கள்.

சில வருடங்களில் அந்தக் காவல்காரர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. காரைத் தூர விட்டுவிட்டு இறங்கினோம். மாமி வழக்கம்போல என் தோளில் கையைப் போட்டு நொண்டத் தொடங்கினார்.

“மாமி, இது புது ஆள். நீங்கள் ஒழுங்கா நடக்கலாம்.”

“தெரியும்,” என்றார் மாமி. கையை எடுக்கவில்லை. “நீ பேசாமல் வா.”