பசி தெரியாத ஈரல்

இந்த முறையும் படத்தில் கறுப்புப் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. கங்காவுக்கு அழுகை வந்தது.

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக லேபில் அவள் கல்லீரல் செல்களை வளர்க்கிறாள். சீரம் கலந்த மீடியம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அது கிடைத்தால் செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக்கொண்டு சேதி அனுப்பும். அந்தப் புரதத்தைப் படம் எடுத்தால் கறுப்புப் பட்டை விழும். சீரம் இல்லாத மீடியத்தில் ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் பட்டை மங்க வேண்டும். அவள் இரண்டையும் தன் கையாலேயே கலக்கி, 'சாப்பாடு', 'பட்டினி' என்று போத்தல்களில் எழுதி ஒட்டித்தான் ஊற்றினாள். பட்டை மங்குவேனா என்றது.

"பட்டையைக் காட்டுற ஆன்டிபாடி மருந்து பழசு போல, டாக்டர்" என்றாள் மேற்பார்வையாளர் ஷாமளாவிடம்.

புதுசு வந்தது. பட்டை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

பட்டினி பத்தவில்லையோ என்று ராத்திரியோடு பகலையும் சேர்த்தாள். செல்கள் பெருகித் தள்ளின.

பழைய சீரம் ஒட்டியிருக்குமோ என்று பட்டினி மீடியத்தாலேயே அலசி அலசி ஊற்றினாள். கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி பட்டை தடித்தது. கவலையில் கங்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்த லேபில் ஒழுங்காகப் பட்டினி கிடப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷாமளா படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"கங்கா, நீ தப்புப் பண்ணல. இந்தச் செல்லுக்குப் பசியே தெரியல. இது புதுசு. வர்ற கருத்தரங்குல நீயே பேசு."

"நிஜமாவா டாக்டர்?"

"தப்புன்னா ஒரு தடவை வரும். எல்லாத் தடவையுமா வரும்?"

கங்கா சபாக்கிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். "பசியே தெரியாத ஈரலைக் கண்டுபிடிச்சிருக்கேன்மா."

"எந்நேரமும் பசி பசிங்குற உங்கப்பாவுக்கு ஒண்ணு மாத்தி வெக்க முடியுமான்னு கேளு" என்ற அம்மா, சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கருத்தரங்கு அன்று காலை, புதுச் சேலையில் லேபிலிருந்து கிளம்பியவளைப் பக்கத்து மேசை அகிலன் வழிமறித்தான். அவனும் செல் வளர்ப்பவன்தான். முகம் வாடியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. என் சீரம் முடிஞ்சிபோச்சு, அதான் கொஞ்ச நாளா உங்க 'சாப்பாடு' போத்தல்லருந்து எடுத்து ஊத்துறேன். என்னான்னு தெரியலக்கா, என் செல்லெல்லாம் பட்டினியில சாகுது."