நோனா சாசியை உடைத்த விவரம்

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி யாக்கோமினா அவர்களுக்கு,

தம்பி டொமிங்குஸ் கர்த்தருக்குள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் லெவினாவும் சுகம். அம்போனில் நீயும் அத்தானும் மூட்டுவலி நீங்கலாகச் சுகமென்று நம்புகிறேன். மழை நின்றுவிட்டது. சாகோக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள மீன் கிடைக்கிறது. இனி விஷயம். நீ அடுத்த வாரம் சனிக்கிழமைக் கப்பலில் கட்டாயம் வர வேண்டும். வந்து, ஒன்பது ஓட்டை இளநீர்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் ஊரை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பதறாதே, காரணம் சொல்கிறேன்.

நீ நகரத்துக்குக் குடிபோனபோது, அங்கே வைத்திருந்தால் வனத்துறைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லி உன் கொண்டைக்கிளி நோனாவை என் தலையில் கட்டினாய். "ஒரு மாசந்தாண்டா, வீடு பார்த்ததும் வந்து தூக்கிட்டுப் போயிடுறேன்" என்றாய். ஆறு வருஷம் ஆகிறது, அக்கா. ஊரில் மற்றவர்களும் கிளி வளர்க்கிறார்கள். மார்ட்டன் வீட்டுச் செங்கிளிக்குப் பூவில் தேன் இருந்தால் போதும், தூரிகை மாதிரி இருக்கிற நாக்கால் நக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். போதகரம்மா வீட்டில் ஒரு ஜோடி, ஆண் பச்சை, பெண் சிவப்பு. அவள் பொந்தை விட்டு நகர மாட்டாள், அவன்தான் வேளாவேளைக்குக் கொண்டுபோய் ஊட்டுகிறான். லெவினா அதைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பச்சைக்காரனுக்கு இருக்கிற அறிவு சில பேருக்கு இல்ல" என்று என்னைப் பார்க்காமலே சொல்கிறாள். இதெல்லாம் கிளி. உன்னுடையது கிளியா? சுத்தியல் வைத்து உடைக்கிற கனாரிக் கொட்டையை இடது காலில் பிடித்துக்கொண்டு ஒரே கடியில் பிளக்கிறது. உடம்பிலிருந்து உதிர்கிற வெள்ளைப் பொடி என் காப்பியில், என் வேதாகமத்தில், என் கோயில் சட்டையில். காலையும் மாலையும் அது போடுகிற கத்தலில் மீனவர்கள் கடலிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள். கூண்டுக்கு முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தது. கம்பி சுற்றினேன், பிரித்தது. தாழ்ப்பாள் வைத்தேன், நான் திறப்பதை இரண்டு நாள் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் தானே திறந்துகொண்டது.

இந்த ஈஸ்டருக்குப் பின் என்னைத் தலைமைக் கெவாங் ஆக்கினார்கள் அல்லவா? தோப்பையும் கடலையும் காவல் காக்கிற அந்தப் பிரம்புக்கு நான் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது உனக்குத் தெரியும். கோயிலில் ஜெபம் செய்து, தோப்பு வாசலில் குருத்தோலை கட்டி, நானே சாசி என்கிற அறுவடைத் தடையைக் கூறினேன். ஓலையை அவிழ்க்கிற நாள் வரைக்கும் யாரும் ஒரு இளநீர்கூடத் தொடக் கூடாது. மூன்றாவது வாரமே மரத்திலே தொங்கும் காய்கள் ஓட்டையாகி, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்று, மூன்று, ஒன்பது. எனக்கு வந்ததே கோபம்! ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது படியில் ஏறி நின்று, திருடன் என் வீட்டு ஆளாகவே இருந்தாலும் திருடின காயைக் கழுத்தில் கட்டி மேளத்துக்குப் பின்னால் நடக்க வைப்பேன் என்று பிரம்பைத் தட்டிச் சொன்னேன். என் வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

செவ்வாய் விடிந்ததும் துணைக் கெவாங் மார்ட்டனும் நானும் புதரில் பதுங்கினோம். "டேய், மேலே பாரு" என்று அவன்தான் காட்டினான். உன் நோனா குலைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மட்டையை நார் நாராகக் கிழித்து, ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்துப் பறந்துபோய்க் கூண்டுக்குள் ஏறி, லெவினா கிழங்கு கொண்டுவரும் நேரத்துக்குச் சபை மூப்பர் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலமே ஊர்ச் சபை கூடியது. மார்ட்டன் எழுந்து, "கெவாங் வீட்டுக் கிளியே சாசியை ஒடைச்சா, இனிமே யாரு யாரைப் பிடிக்கிறது?" என்றான்.

"கிளிக்கு ஓலை கட்டுனா என்னய்யா புரியும்?" என்றேன்.

"ஒம்பதும் வழுக்கையாப் பார்த்து எடுக்கப் புரியுதே! முத்தல் ஒண்ணையாவது தொட்டுச்சா?"

ஊர் ராஜா கையமர்த்தினார். "கிளி கழுத்துல ஒம்பது காயைக் கட்டுனா அது செத்துப்போயிடும். கிளிக்குச் சொந்தக்காரங்க நடக்கட்டும். டொமிங்குஸ், கிளி ஒன்னுதுன்னா நீ நடக்கணும். நடந்தவன் கையில பிரம்பு இருக்கக் கூடாது. யாருது கிளி?"

"எங்க அக்காவுது, ராஜா ஐயா! நான் சும்மா சோறு போடுறவன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நீ வந்து நடக்கும்வரை நோனா ராஜா ஐயாவின் அலுவலகத்தில் பூட்டுப் போட்ட கூண்டில் காவலில் இருக்கும். என் வீட்டில் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகக் காப்பி குடித்தேன். நடந்து முடித்ததும் அந்தச் சனியனை உன்னோடேயே கூட்டிக்கொண்டு போய்விடு. என் பிரம்பு உன் கையில்தான் இருக்கிறது, அக்கா. வராமல் இருந்துவிடாதே.

உன் முழங்கால்களுக்கு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆண்டவர் பலம் தர வேண்டி நிற்கும் அன்புத் தம்பி,
டொமிங்குஸ், தலைமைக் கெவாங்

பின்குறிப்பு: இதைப் புதன்கிழமை எழுதி ஒட்டினேன். கடல் கொந்தளிப்பில் தபால் படகு வரவில்லை. இன்று சனிக்கிழமை, பிரித்து எழுதுகிறேன். நீ வர வேண்டாம்.

நேற்று லெவினா, "அது ரெண்டு நாளா எதையும் தொடலையாம், ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன்" என்றாள். போனேன். தன் நெஞ்சிறகைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது, அக்கா. கூண்டுத் தரையெல்லாம் இறகு, நெஞ்சில் வெறும் தோல். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. கம்பியோரம் இறங்கிவந்து என் விரலுக்குக் கீழே தலையைக் கொடுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. நேராக ராஜா ஐயாவிடம் போய்ப் பிரம்பை மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா வர எட்டு நாள்தானேப்பா. பொறுக்கக் கூடாதா?" என்றார்.

"நான் பொறுப்பேன் ஐயா. அதனால முடியல" என்றேன்.

இன்று காலை நடந்தேன். ஒன்பது காயும் நல்ல கனம். நோனா என் தோளில். ஊரே முகத்தை இறுக்கிக்கொண்டு வரிசையாக நின்றது. மேளம் கொட்டியதுதான் தாமதம், நோனா கொண்டையை விரித்துக்கொண்டு தாளத்துக்குத் தலையை ஆட்டி, காலை மாற்றி மாற்றி வைத்து ஆட ஆரம்பித்துவிட்டது. மேளக்காரன் சிரித்துத் தாளத்தைத் தவறவிட்டான், அவனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. "நான் சாசியை உடைத்தேன், என்னைப்போல் செய்யாதீர்கள்" என்று நான் கூவியது ஒருவர் காதிலும் விழவில்லை. என் பிரம்போடு முன்னால் போன மார்ட்டனும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு வா, மீன் குழம்பு வைக்கிறோம். ஆனால் நோனாவைக் கேட்டு வராதே. யாருது கிளி என்று ராஜா ஐயா மறுபடியும் கேட்டார், என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.