திருடு போன பாரகூடா

பலகையில் தன் பெயரைப் படித்ததும் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸுக்கு வியர்த்துவிட்டது. இண்டியானாவில் அது அக்டோபர் மாதம். வெளியே அறுத்து முடித்த மக்காச்சோள வயல்களில் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வியர்த்தது.

பலகைக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார் பளபளவென்று நின்றது. 1970ஆம் வருடத்து பிளிமத் பாரகூடா. பலகை சொன்னது:

'1978 செப்டம்பரில் நடந்த கால் மைல் பந்தயத்தில், டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் என்பவரைத் தோற்கடித்து வென்ற வண்டி. இப்படிக்கு, ஹோமர் கிளிங்.'

அவரால் மறுக்க முடியாது. பின் பம்பரின் இடது மூலையில் இருந்த சொட்டை, கல்யாணத்தன்று அவரே சர்ச் வாசல் கம்பத்தில் இடித்து உண்டாக்கியது. மாமனார் சாகும்போது தன் ஒரே மகள் வெர்னாவுக்கு விட்டுப்போன வண்டி. கல்யாணமான பதினோராவது மாதம் டெல்பர்ட் அதைப் பந்தயத்தில் வைத்துத் தோற்றார். ஜெயித்தவனின் பெயரைக்கூட அன்றைக்கு அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சிவப்புத் தாடி மட்டும்தான் நினைவிருந்தது.

வீட்டுக்கு நடந்தே போய் வெர்னாவிடம் சொன்னது வேறு கதை. "பொருட்காட்சியில வண்டிய நிறுத்திட்டு சோளப்பொரி வாங்கப் போனேன். திரும்பி வந்தா காணோம். எவனோ திருடிட்டான்!" சொல்லிவிட்டு அழுதார். அழுகை மட்டும் நிஜம்.

நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் நன்றி நவிலும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டுவதற்கு முன் வெர்னா கண்ணை மூடி ஜெபிப்பார்: "அப்பாவோட வண்டியத் தூக்கிட்டுப் போனவன் எங்க இருந்தாலும் சரி, ஆண்டவரே, அவன் மனசு ஒருநாள் திருந்தட்டும்." மேஜையில் எல்லாரையும்விடச் சத்தமாக 'ஆமென்' சொல்வது டெல்பர்ட்தான். அந்த வருஷத்திலிருந்து அவர் பந்தயம் பக்கமே போகவில்லை. பீரை விட்டார். தினமும் பாத்திரம் கழுவினார். மாமியார் ஒன்பது வருஷம் கூடவே இருந்தபோதும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஊரில் எல்லாரும் வெர்னாவிடம், "கொடுத்து வச்சவ நீ" என்றார்கள்.

இப்போது சர்ச்சின் முதியோர் குழுவோடு பஸ்ஸில் வந்து, பழைய டிராக்டர் கொட்டகையில் யாரோ நடத்தும் தனியார் கார் மியூசியத்துக்குள் நுழைந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"டெல்! அங்க என்ன பார்த்துட்டு நிக்கிற?" வெர்னாவின் குரல், இரண்டு வரிசை தள்ளி.

"ஒண்ணுமில்ல கண்ணு! ஏதோ பழைய வண்டி!"

"இங்க எல்லாமே பழைய வண்டிதானே?"

வெர்னாவைவிடப் பெரிய ஆபத்து மில்ட்ரெட். பக்கத்து வீட்டுக்காரர். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பலகை விடாமல் உரக்கப் படிக்கிறவர். "நானூத்தி இருபத்தாறு கன அங்குல எஞ்சின்!" என்று ஒரு சிவப்புக் காருக்கு முன்னால் அவர் முழங்குவது கேட்டது. அடுத்தது பாரகூடாதான்.

டெல்பர்ட் பலகைக்கு முன்னால் போய்க் கால்களை அகட்டி நின்றுகொண்டார்.

"கொஞ்சம் நகருங்க டெல்பர்ட், படிக்கணும்."

"படிக்க ஒண்ணுமில்ல மில்ட்ரெட். வெறும் நம்பர்."

"எனக்கு நம்பர்தான் பிடிக்கும்."

"கால் மரத்துப்போச்சு. நகர முடியல."

"ஐயோ பாவம்!" மில்ட்ரெட் திரும்பி, கொட்டகை அதிரக் கத்தினார். "வெர்னா! சீக்கிரம் வா! உன் வீட்டுக்காரருக்குக் கால் விழுந்துபோச்சு!"

பதினெட்டு முதியவர்களின் காலடிச் சத்தம் நெருங்கியது. டெல்பர்ட் அவசரமாகத் தன் கோட்டைக் கழற்றிப் பலகைமேல் போர்த்தினார். "சரியாயிடுச்சு! பாருங்க, நல்லா நடக்கிறேன்!" என்று இரண்டு அடி துள்ளியும் காட்டினார்.

டிக்கெட் மேஜையிலிருந்து மியூசியத்து ஊழியர் லூயெல்லா எழுந்து வந்தார். ஐம்பது வயது, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி. "சார், கோட்டை எல்லாம் பலகைல மாட்டக் கூடாது. வாசல்ல ஸ்டாண்டு இருக்கு. குடுங்க, நானே மாட்டிடறேன்."

"வேணாம்மா, குளிருது! நானே போட்டுக்கிறேன்."

"குளிருதுங்கறீங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

கோட்டைச் சுருட்டி எடுக்கிற சாக்கில், டெல்பர்ட் பலகையையும் அதன் தாங்கியிலிருந்து உருவிக்கொண்டுவிட்டார். காலித் தாங்கி பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. எல்லாரும் தலையைத் திருப்பிய ஒரு கணத்தில், பக்கத்தில் நின்ற பச்சை நிற வண்டியின் பலகையை எடுத்து இங்கே செருகினார். தன் பெயர் இருந்த பலகையைப் பச்சை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். நாற்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்ததில்லை.

மில்ட்ரெட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"'அன்பான பார்வையாளர்களே! இந்த ஒரு வண்டியில் மட்டும் நீங்கள் ஏறி உட்காரலாம், ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், ஹாரனும் அடிக்கலாம்!'"

கூட்டம் ஆவென்று வாய் திறந்தது. அடுத்த நிமிஷம் பாரகூடாவைச் சுற்றி வரிசை நின்றது.

"ஏறாதீங்க! பழைய ஸ்பிரிங், குத்தும்!" என்றார் டெல்பர்ட். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சர்ச் பாடகர்கள் இருவர் பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். ஒருவர் ஹாரனை அடித்தார். மில்ட்ரெட் ஓட்டுநர் சீட்டுக்குப் பாய்ந்தார். வெர்னா அவர் தோளைப் பிடித்து, "நான் முதல்ல" என்றார், அமைதியாக.

வெர்னா உட்கார்ந்தார். கைகளை ஸ்டியரிங்கின்மேல் வைத்தார். வண்டியின் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தார். டெல்பர்ட் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். 'சொட்டையப் பார்க்கல. சொட்டைய மட்டும் பார்க்கல. கர்த்தரே, சொட்டைய மறைச்சிடும்.'

ஹாரன் சத்தம் கேட்டு, உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். தாடி இப்போது வெள்ளை. ஆனால் நடையை டெல்பர்ட் அடையாளம் கண்டுவிட்டார். அன்றைக்கும் இந்த ஆள் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சாவியை வாங்கினான்.

"எவன்யா போர்டை மாத்தினது?" ஹோமர் கிளிங் கர்ஜித்தார். "உட்கார்ற வண்டி அந்தப் பச்சை! இது தொடக் கூடாத வண்டி! எறங்குங்க எல்லாரும்! இது எப்படி எங்கிட்ட வந்துச்சு தெரியுமா? ஒரு முட்டாப்பய, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல, எங்கிட்ட வந்து..."

இன்னும் அரை வாக்கியம் போனால் பெயர் வந்துவிடும். ஹோமர் வாயால் வெர்னாவுக்குத் தெரிவதைவிட... அதற்கு மேல் டெல்பர்ட் யோசிக்கவில்லை.

"நான்தான்!" என்று கத்தினார். "அந்த முட்டாப்பய நான்தான்!"

ஹோமர் அவரை முறைத்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெர்னாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, வாயையும் மூடிக்கொண்டார். பெண்களிடம் மரியாதை தெரிந்த ஆள்தான் போலிருக்கிறது என்று டெல்பர்ட் நினைத்தார்.

பின்சீட்டுக்காரர்கள் ஓசைப்படாமல் இறங்கிப்போனார்கள். டெல்பர்ட் திறந்திருந்த கதவுப் பக்கம் குனிந்தார்.

"வெர்னா, இது உங்கப்பா வண்டி."

"தெரியுது."

"திருடு போகல. பந்தயத்துல வச்சுத் தோத்துட்டேன். சோளப்பொரி பொய். போலீஸ்ல எழுதிக் குடுத்தேன்னு சொன்னதும் பொய். ஒவ்வொரு வருஷமும் நீ ஜெபம் பண்ணும்போது எனக்கு வான்கோழி தொண்டையில எறங்காது. திட்டணும்னா திட்டு. பஸ்ல ஏத்த மாட்டேன்னா நடந்தே வரேன். அன்னைக்கும் நடந்துதான் வந்தேன்."

வெர்னா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "இதச் சொல்ல உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

டெல்பர்ட் யோசித்தார். "இப்பவும்தான். ஆனா மூச்சு நல்லா வருது."

வெர்னா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. அது அழுகைக்கா சிரிப்புக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு வெர்னா கையை நீட்டினார். "பிடி. எறங்கறேன். சாப்பாட்டு நேரமாச்சு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? அழுதுகிட்டே மன்னிக்கணுமா? பூசணிக்காய் பை சுட்டு எடுத்துட்டு வந்திருக்கேன், மில்ட்ரெட் முந்திக்கிறதுக்குள்ள வா."

டெல்பர்ட்டுக்குக் கால்கள் நிஜமாகவே மரத்துப்போயின. நாற்பத்தாறு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. இப்படி ஒரு பெருந்தன்மை உலகத்தில் எந்தப் பெண்ணுக்கு இருக்கும்? அவர் பச்சை வண்டிக்கு அடியில் தவழ்ந்து பலகையை எடுத்து, தன் கையாலேயே பாரகூடாவின் முன் செருகினார். தன் பெயரைத் துடைத்தும் வைத்தார். ஹோமரிடம் போய்க் கையைக் குலுக்கினார். "நல்லா வச்சிருக்கீங்க வண்டிய. நீங்க ஜெயிச்ச வண்டி, உங்ககிட்டயே நல்லா இருக்கட்டும்" என்று மனதாரச் சொன்னார். ஹோமர் ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் கையைக் கோத்துக்கொண்டு, இருபது வயது குறைந்தவர் மாதிரி டெல்பர்ட் வாசலுக்கு நடந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. நன்றாக இருந்தது.

பின்னாலிருந்து லூயெல்லா ஒரு தாளையும் பேனாவையும் ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வெர்னாம்மா, வெர்னாம்மா! உங்க பேர்லயே இருக்கிற வண்டிய இன்னும் ஒரு வருஷம் இங்கயே வச்சுக்கறதுக்கு இந்த வருஷக் கையெழுத்து போடாமப் போறீங்களே, நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவைகூட மறந்ததில்லையே!"