போகிப் புகையை நான் ஒழிச்ச லட்சணம்

போகிக்கு முந்தின நாள் எனக்கு ஒரே வேலைதான். தெருவுல இருக்கிற பழைய டயரையெல்லாம் வாங்கி லாரியில ஏத்தி அனுப்பணும்.

இது தொண்ணூறுகள்ல. பூந்தமல்லி பக்கம் எங்க காலனிக்கு நான்தான் செக்ரெட்டரி. வேற யாரும் நிக்கல, அதனால ஜெயிச்சேன்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு ஆஸ்துமா. வருஷா வருஷம் போகிப் புகைக்குப் பயந்து காட்டுப்பாக்கத்துல தங்கச்சி வீட்டுக்கு ஓடிடுவாங்க. அந்த வருஷம் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போய், "டீச்சர், எங்கயும் போகாதீங்க. இந்தத் தடவை ஒரு டயர்கூட எரியாது. நான் கேரண்டி!"ன்னேன்.

"நெஜமாவா சார்?"

"அரசாங்கம், கம்பெனி, பொதுமக்கள், மூணு பேரையும் ஒண்ணா சேத்துட்டேன் டீச்சர்!"

சும்மா சொல்லல. முனிசிபாலிட்டி அதிகாரி லாரி தர்றேன்னார். காலனிக்குப் பின்னாடி இருந்த கம்பெனி மேனேஜர், "எவ்ளோ டயர் வந்தாலும் எடுத்துக்கறோம் சார்"னார். எதுக்குன்னு நான் கேட்டேனா? கேக்கல! கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கறதுல பிஸியா இருந்தேன்.

எங்க தெருவுல தேறினது எட்டே டயர். மானமே போச்சு. எட்டு டயருக்கு ஒரு லாரியா? சைக்கிளை எடுத்துக்கிட்டு பாரிவாக்கம் வரைக்கும் போனேன். பஞ்சர் கடை, ஒர்க்‌ஷாப், ஒண்ணு விடல. கெஞ்சிக் கூத்தாடி சாயங்காலத்துக்குள்ள லாரியை நெரப்பிட்டேன்.

டிரைவர் எறங்கிப் பாத்துட்டு, "இன்னா நைனா, ஊர் டயரெல்லாம் இங்கதான் கீதா?"ன்னான். பாராட்டறான்னு நெனச்சு பல்லைக் காட்டினேன்.

போகி காலைல தெருவே பளிச்சுன்னு இருந்துச்சு. டீச்சர் வாசல்ல நின்னு, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் சார்"னாங்க. சந்தோஷத்துல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

எட்டு மணிக்கு மறுபடியும் கலங்குச்சு. இந்தத் தடவை புகையில.

கம்பெனி சிம்னியிலேருந்து கன்னங்கரேல்னு புகை, நேரா எங்க காலனிக்கு! மூச்சு வாங்க ஓடினேன். பாய்லர் பாத்துக்கிற ஆள் என்னைப் பாத்ததும் முகம் மலர்ந்து, "நீங்க குடுத்த டயர்தான் சார்! சும்மா திகுதிகுன்னு எரியுது. இன்னும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்!"னாரு.

அடப்பாவிகளா! திரும்பி ஓடி வந்தா, டீச்சர் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, பெட்டியோட ஆட்டோவுல ஏறிக்கிட்டு இருக்காங்க.

"டீச்சர்... மன்னிச்சிடுங்க டீச்சர்..."

இருமலை அடக்கிக்கிட்டுச் சொன்னாங்க: "பரவால்ல சார். எப்பவும் தங்கச்சி வீட்டுல ஒரு நாள்தான் இருப்பேன். உங்க புண்ணியத்துல இந்தத் தடவை ஒரு வாரம்."