உள்ளே திறந்த கதவு

தென்காசி வட்டாரத்தில் கரண்டுக்குப் பயப்படாத மனிதர் ஒருவர்தான். ஷாக் அண்ணாச்சி. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒயரை விரலால் தொட்டுப் பார்த்து, "ம், வருது" என்பார். ஆனால் சாஸ்திரம் என்றால் நடுங்குவார். பூனை குறுக்கே போனால் அன்றைக்குக் கடையே திறக்க மாட்டார்.

எண்பதுகளில் ஒரு சீசனுக்கு, குற்றாலத்தில் வீடியோ கேம் வைக்கப் போகிறேன் என்றார். விளையாட்டு ஓடுகிற சர்க்யூட் மட்டும் மெட்ராசிலிருந்து வந்தது. பெட்டி என் பொறுப்பு. நான் தச்சன். திரைக்கு வைத்த டி.வி. அவர் மனைவியுடையது. எனக்கு மதினி முறை. மதினியின் அண்ணன் வாங்கிக் கொடுத்த டி.வி.

"படக்கொழாய்ல ஒரு கீறல் விழுந்தாலும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் மதினி. சிரிக்காமல் சொன்னார்.

பழைய அலமாரியைப் பிரித்து ஆள் உயரப் பெட்டி அடித்தேன். முன்னால் திரை, பின்னால் கதவு. கதவில்தான் தகராறு.

"கதவு உள்ள தொறக்கணும்லே."

"உள்ள தொறந்தா டி.வி.ல இடிக்கும் அண்ணாச்சி. பொட்டிக் கதவுன்னா வெளியதான்."

"வெளிய தொறந்தா லெச்சுமி எப்படிலே உள்ள வருவா? மூக்குல இடிச்சுக்கிடவா?"

"லெச்சுமி பின்பக்கமாவா வருவா?"

"எந்தப் பக்கமும் வருவா. நீ கீலை மாட்டு."

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கதவு இடிக்காத அளவுக்குப் பெட்டியை ஆழமாக்கினேன். உள்ளே திறக்கிற மாதிரியே கீல் வைத்தேன். கதவு வெளிப்பக்கம் வராமல் இருக்க நிலையில் சட்டமும் அறைந்தேன். அண்ணாச்சி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் தாழ்வாரத்தில் பெட்டியை இறக்கினோம். சாரல் விடவே இல்லை. திறப்பு நாளன்று காலையில் படம் வரவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணாச்சி குச்சி மாதிரி ஆள், பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். பின்னாலேயே சாரல் காற்றும் வந்தது.

"கொழாய் நனையுதுலே" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒயரைச் சரி செய்துவிட்டுத் திரும்பி இழுத்தார். கதவு வரவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் படக்குழாயின் கழுத்து. மெல்லிய கண்ணாடி. பலமாக இழுத்துக் கதவு சட்டென்று விட்டால் அதன்மேல்தான் சாய்வார். நான் வெளியிலிருந்து தள்ளினாலும் அதே கதிதான்.

"ஏலே, தள்ளாத!"

"தள்ளல அண்ணாச்சி."

"சாஞ்சும் நிக்காத!"

அப்போது மதினி இட்லித் தூக்கோடு வந்து சேர்ந்தார். "அவுக எங்கன?" என்றார். பெட்டி இருமியது.

"உள்ள என்ன செய்யுதீக?"

"சும்மாத்தான் இருக்கேன்."

"கொழாய்?"

"என் முதுகுலதான் இருக்கு. நல்லா இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் இறங்கியது. "வேர்க்குதுலே. தலை சுத்துது."

மயங்கினால் எங்கே விழுவார் என்று எனக்குத் தெரியும். மதினிக்கும் தெரிந்தது.

"ஒடைங்க தம்பி கதவ. கொழாயாவது மண்ணாவது!"

"ஒடைச்சா கைய முறிச்சிருவேன்லே! அவ அண்ணன் குடுத்தது!"

"எங்கண்ணன்தான் உங்களையும் பாத்துப் புடிச்சுக் குடுத்தான். நீங்கல்லா மொதல்ல!"



"அண்ணாச்சி, கீல் ஸ்குரு உங்க பக்கந்தான் இருக்கு. கழத்துங்க" என்றேன்.

இருட்டில் தடவித் தடவிக் கழற்றினார். நான் சுத்தியலைத் தொடவில்லை. உளியைக் கையாலேயே அழுத்தி, அறைந்த சட்டத்தை நெம்பினேன். மரம் முனகியது. உள்ளே 'டிங்' என்றது.

மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்குரு விழுந்துச்சு" என்றது பெட்டி.

சட்டம் கையோடு வந்தது. இனி அவர் தள்ளலாம், நான் இழுக்கலாம். இழுத்தேன். கதவு என் நெஞ்சில் வந்து சாய்ந்தது. அண்ணாச்சி நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தார்.

"பாரு, கொழாய் பத்திரமா இருக்கு" என்றார்.

மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் முதுகில் ஒன்று வைத்தார்.

"இனி உங்க வேலைக்கு வரமாட்டேன் அண்ணாச்சி" என்றேன். நான் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. தூக்கிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து என் கையில் வைத்தார்.

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. நானாகவே உளியோடு போய் நின்றேன்.