கீறல்படாச் செம்மல்

கோவில்பட்டியில் சாலை ஒழுக்கம் என்று ஒன்று இன்றைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குப் போலீஸோ சிக்னலோ வேகத்தடையோ காரணம் அல்ல. பூவனநாதன் ஒருவரே காரணம். பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் இந்த உத்தமர், வெள்ளைக் கார் ஒன்று வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை விபத்து இல்லை. உரசல் இல்லை. கண்ணாடியில் கொசு மோதிச் செத்ததாகக்கூடத் தகவல் இல்லை.

இத்தகைய சாதனை சும்மா வந்துவிடவில்லை. கார் வீட்டுக் கொட்டகையில் உறை போர்த்தித் தூங்கும். வெள்ளிக்கிழமைதோறும் உறையை நீக்கி, ஸ்டார்ட் செய்து, ஊதுபத்தி காட்டி, திரும்பவும் தூங்கப் போட்டுவிடுவார். அவர் கடைக்குப் போவது பழைய மொபெட்டில். அடைமழையென்றாலும் மொபெட்தான், கார் நனைந்தால் யார் துடைப்பது? போன ஐப்பசியில் அவர் மனைவி வள்ளிமயில் குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டபோதும் அவர் நிதானம் இழக்கவில்லை. ரோடெல்லாம் பள்ளம். ஆகவே தீர யோசித்து ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ ஒரு பள்ளத்தையும் விடாமல் இறங்கி ஏறி ஆஸ்பத்திரி சேர்ந்தது. எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஒரு முறை அபராதம் வந்தது. ‘ஹெல்மெட் அணியாமல் ஓட்டியமைக்காக’ என்று அவர் கார் நம்பருக்கே செல்போனில் செய்தி. காரோ கொட்டகையில். வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள். பூவனநாதன் பணத்தைக் கட்டிவிட்டு, அன்று முதல் வெள்ளிக்கிழமை பூஜைக்குக்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் காருக்குள் உட்கார்ந்தார். சட்டம் ஒன்று சொன்னால் அதில் அர்த்தம் இல்லாமலா இருக்கும்?

இப்படிப்பட்டவரை ஊர் எத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருக்கும்? தை மாதம் சாலைப் பாதுகாப்பு விழா வந்தது. ‘சாலை நண்பர்கள் பேரவை’ கூடி ஆலோசித்து, அவருக்குக் ‘கீறல்படாச் செம்மல்’ என்ற பட்டம் வழங்குவதென்று ஏகமனதாக முடிவு செய்தது. ஒரே நிபந்தனை: காரோடு வர வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் பட்டம் ரத்து. பூவனநாதன் காரில் சாய்ந்து நிற்கிற மாதிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸே வைத்துவிட்டார். இனி அந்தப் பட்டம் கிடைக்காவிட்டால் பஜாரில் தலைகாட்ட முடியாது.

“முதல்ல குலசாமியக் கும்பிட்டுட்டு வந்துருவோம். இல்லன்னா கண்ணு பட்டுரும்” என்றாள் வள்ளிமயில்.

கண் படும் என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. விழா சாயங்காலம். காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இடைசெவல் தாண்டி உள்ளே பிரியும் ரோட்டில், மாட்டுவண்டிக்கு வழிவிட்டு, ஆட்டுக்கு வழிவிட்டு, கோயில் போய்த் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சோதனை வந்தது.

முந்தாநாள் பெய்த மழையில் களமெல்லாம் சொதசொதவென்று கிடந்ததால், விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் பிடுங்கிய உளுந்தஞ்செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டிருந்தார்கள். போகிற வண்டி வருகிற வண்டி ஏறினால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். கூலி மிச்சம். பூவனநாதன் காரை நிறுத்தினார்.

“கொஞ்சம் ஒதுக்குங்க தாயி. அடியில கீறிரும்.”

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெருமாயி நிமிர்ந்து பார்த்தாள். “பஸ்ஸே ஏறித்தான் போவுது அண்ணாச்சி. சும்மா வாங்க. காருக்குள்ள எதுக்குத் தலைக்குப் போட்டிருக்கீய?”

“சட்டம்.”

“இவரு தல மேல செடி வந்து மோதவா போவுது” என்று பெருமாயி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

பூவனநாதன் ஸ்டியரிங்கை ஒடித்தார். வள்ளிமயில் பதறிப்போனாள்.

“ஏங்க, கரிசல்ல இறங்காதீய. மழை பேஞ்ச காடு.”

“ஏட்டி, நாலு வருஷமா கார் வச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

மழை பெய்த கரிசலில் செருப்போடு இறங்கக் கூடாது என்று அந்தச் சீமையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். பூவனநாதனும் அந்த மண்ணில் பிறந்தவர்தான்; செருப்போடு ஒருநாளும் இறங்கியதில்லை. காரோடு இறங்கினார். கரிசல் அவரை அன்போடு வாங்கி அச்சுவரைக்கும் வைத்துக்கொண்டது.

“தள்ளி விடுதோம் அண்ணாச்சி. ஆனா நம்ம செடி மேல நாலு நடை ஓட்டிக் குடுத்துட்டுத்தான் போவணும்” என்றாள் பெருமாயி.

பட்டம் கண்ணில் நின்றது. ஒத்துக்கொண்டார். பெண்கள் சக்கரத்துக்கு அடியில் செடியைப் போட்டுத் தள்ள, சேறு தெறித்து வெள்ளைக் கார் எருமை நிறத்துக்கு வந்தது. ரோட்டில் ஏறியதும் வாக்குத் தவறாமல் முன்னும் பின்னும் ஓட்டினார். நெற்று படபடவென்று வெடித்தது. முதல் நடையில் அவர் உயிரும் சேர்ந்து வெடித்தது. அடுத்த நடையில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. நாலு முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. பெருமாயியே போதும் என்று கையைக் காட்டினாள்.

“நல்லாத்தான் ஓடுது” என்றாள் வள்ளிமயில்.

“எது?”

“காரு. ஓடும்னே எனக்குத் தெரியாமப் போச்சு.”

பூவனநாதன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டார்.

பொழுது சாய்ந்துவிட்டதால் கழுவ நேரமில்லை; சேற்றோடே போனவரை மண்டப வாசலில் போக்குவரத்துக் காவலர் சுடலைராஜ் மறித்தார்.

“நம்பர் பிளேட் தெரியல. அபராதம்.”

“நான்தான் கீறல்படாச் செம்மல்.”

“அப்ப வாழ்த்துக்கள் அண்ணாச்சி. அபராதத்தக் கட்டிட்டு உள்ள போங்க.”

பேரவை காரைச் சுற்றி நின்று அவசரக் கூட்டம் போட்டது. ‘சேறு என்பது கீறல் ஆகாது, அடியில் கீறல்போலத் தெரிவதும் ஒட்டிய செடியே’ என்று தீர்மானம் நிறைவேறியது. பொன்னாடை போர்த்தினார்கள். “இந்தக் காரால நாலு வருஷமா ஒருத்தருக்கும் ஒரு தீங்கு கிடையாது. அந்த ரகசியத்தச் செம்மலே சொல்லணும்” என்று தலைவர் நவநீதகிருஷ்ணன் மைக்கைக் கொடுத்தார்.

பூவனநாதன் முன்வரிசையைப் பார்த்தார். வள்ளிமயில் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாரும் காறித் துப்பட்டும் என்று துணிந்து உண்மையைச் சொன்னார்.

“ரகசியம் ஒண்ணும் இல்லங்க. என் சம்சாரம் கை ஒடிஞ்சு துடிச்ச அன்னைக்குக்கூட நான் இந்தக் கார வெளிய எடுக்கல.”

தலையைக் குனிந்து நின்றார். மண்டபம் அதிரக் கைதட்டியது. “என்ன ஒரு கட்டுப்பாடு” என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு அந்தக் கை இன்னும் சரியாக விரியாது.