முனிசாமி படிக்காதவர் எனச் சான்றளிக்கப்படுகிறது

ஏழைப் பிள்ளைகள் மேல்படிப்பு படிக்க அரசு உதவித்தொகை தருகிறது. ஏழை என்பதை நிரூபிக்க ஆகும் செலவை மட்டும் ஏழைகளே பார்த்துக்கொள்ள வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். எல்லாவற்றையும் அரசே செய்ய முடியுமா?

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கும் தாண்டவராயனுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியாமல்தான் இருந்தது. மூத்த மகள் அபிநயாவுக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. இடம் கிடைத்த அன்று சாயங்காலம் அவரும் மனைவி காந்தாவும் மகளும் உட்கார்ந்து நாலு வருசப் படிப்புக்கும் திட்டம் போட்டார்கள். விடுதிக்குப் புளி. புத்தகத்துக்கும் துணிமணிக்கும் ஆடு. கல்லூரிக் கட்டணத்துக்கு அரசாங்கம். புளியையும் ஆட்டையும் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அரசாங்கம் கட்டணத்தை ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டும். இந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் இவள்தான் என்று கீழே தாலுகா அலுவலகத்தில் எழுதித் தர வேண்டும். கடைசித் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தாண்டவராயன் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மலையை விட்டு இறங்கினார்.

அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவர் கோகுல்ராஜ். நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார். கைநீட்டிக் காசு வாங்க மாட்டார். சந்தேகம் மட்டும் படுவார்.

"நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

"மூணாவது சார்."

"வூட்டுக்காரம்மா?"

"அது பள்ளிக்கூடமே போவல சார்."

"உங்க அப்பா?"

"பேரு முனிசாமிங்க. அவரும் படிக்கல. செத்துப் பதினோரு வருசம் ஆச்சு."

"படிக்கலைங்கறதுக்கு ஆதாரம்?"

தாண்டவராயன் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

"படிக்கலைங்களே சார். அதான் ஆதாரம்."

"அப்படிச் சொன்னா எப்படி? உங்க அப்பாகிட்ட பட்டம் இல்லன்னு சொல்றீங்க. அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். அவர் படிக்காம இருந்திருக்கலாம். இல்ல, படிச்சு வாங்கித் தொலைச்சிருக்கலாம். நான் எதுன்னு எழுதறது?"

கேள்வி அத்தனை நேர்மையாக இருந்ததால் அபிநயாவுக்கே தாத்தா மேல் லேசாகச் சந்தேகம் வந்தது.

"படிக்கலைன்னு பள்ளிக்கூடத்துல எழுதி வாங்கினு வாங்க" என்றார் கோகுல்ராஜ்.

மலையில் இருந்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் ராஜ்குமார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிச்சவங்களுக்குத்தாங்க நாங்க சான்றிதழ் தர்றது. படிக்காதவங்களுக்கும் தர ஆரம்பிச்சா அப்புறம் பாடம் எடுக்க நேரம் இருக்காது."

ஆனாலும் அபிநயா அவரிடம் படித்தவள். ரொம்பக் கெஞ்சிய பிறகு ஒரு தாளில் எழுதித் தந்தார். 'மேற்படி முனிசாமிக்கு முப்பது வயது ஆன பிறகே இப்பள்ளி கட்டப்பட்டது. எனவே அவர் இங்கு பயின்றிருக்க வாய்ப்பில்லை.'

கோகுல்ராஜ் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பள்ளியில படிக்கல. சரி. மத்த பள்ளியில?"

"மொத்தம் எத்தனை பள்ளி சார்?" என்று அபிநயா கேட்டாள்.

"மாநிலம் பூரா கேட்டா உங்களுக்குச் சிரமம். மாவட்டம் மட்டும் போதும்" என்றார் அவர் இரக்கத்தோடு.

அபிநயா பள்ளிகளின் கணக்கைப் பார்த்துச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆறு பள்ளி ஏறி இறங்கினால், நாலு வருசப் படிப்பு முடிவதற்குள் உதவித்தொகைக்கான ஆவணங்கள் தயாராகிவிடும். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தாண்டவராயன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கோகுல்ராஜுக்கே சங்கடமாகிவிட்டது.

"ஒரே வழிதான் இருக்கு. நேர்ல வந்து விசாரிக்கறேன். உங்க அப்பாவைத் தெரிஞ்சவங்க நாலு பேரைக் கூட்டி வையுங்க."

சொன்னபடி புதன்கிழமை ஜீப்பில் வந்தார். ஊரே தாண்டவராயன் வீட்டு வாசலில் கூடியிருந்தது. நம்ம பொண்ணு படிக்கணும் என்று எல்லோரும் ஒரு முடிவோடு இருந்தார்கள். அதனால் இறந்துபோனவரை முடிந்தவரை மட்டம் தட்டினார்கள்.

"முனிசாமிக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதுங்க" என்றார் லட்சுமணன்.

"பத்தா? ரூவா நோட்டையே தலைகீழாப் பிடிப்பாரு" என்றார் சக்திவேல். அவர் முனிசாமியை நேரில் பார்த்ததில்லை.

தாண்டவராயன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா ஒரு புளியமரத்தை அண்ணாந்து பார்த்து இத்தனை கூடை இறங்கும் என்று சொன்னால், ஒரு கூடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இப்போது அதைச் சொல்வது மகளுக்கு நல்லதல்ல.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சின்னக்குழந்தை அம்மாளுக்குத்தான் மனசு பொறுக்கவில்லை.

"இன்னாடா ஆளாளுக்கு இப்படிப் பேசினு இருக்கீங்க? அவர் ஒரு வழக்கைத் தீர்த்து வெச்சா வக்கீலு மாதிரி இருக்கும்."

கோகுல்ராஜ் தலை நிமிர்ந்தார். "வக்கீலா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "வக்கீல்னா சட்டம் படிச்சிருக்கணும். சட்டம்னா அது பட்டம்."

"வக்கீலு மாதிரின்னுதாங்க சொன்னேன்."

"மாதிரின்னு போட படிவத்துல இடம் இல்லம்மா."

ஐந்து நாள்தான் பாக்கி. கோகுல்ராஜ் தாண்டவராயன் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பா சொன்ன தீர்ப்பு எதுனா தப்பாப் போயிருக்கா? அப்படி ஒண்ணு இருந்தா வக்கீல் இல்லன்னு எழுதிடலாம்."

ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தாண்டவராயன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"போயிருக்கு சார். எனக்கும் என் தம்பிக்கும் நிலம் பிரிச்சதுல. தண்ணி நிக்கற நிலத்தைத் தம்பிக்குக் கொடுத்தாரு. நான் பெரியவன், எனக்குக் கொடுக்கணும்."

தம்பிக்கு ஒரு கால் விளங்காது என்பதும், அந்தத் தீர்ப்பைத் தாண்டவராயனே சரி என்று ஒத்துக்கொண்டவர் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் தாண்டவராயன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க அப்பா வெறும் ஆளு."

அபிநயா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். கோகுல்ராஜுக்கு முகம் மலர்ந்தது. பெற்ற மகனே சொன்ன பிறகு சந்தேகப்பட அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சான்றிதழ் வந்தது. 'விரிவான கள விசாரணையில், மேற்படி முனிசாமி என்பார் எவ்விதக் கல்வியும், வழக்கறிவும், பொது விவரமும் அற்றவர் என ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதால், அவர்தம் பேத்தி உதவித்தொகைக்குத் தகுதியுடையவர் ஆகிறார்.' கோபுர முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. அபிநயா கல்லூரியில் சேர்ந்தாள்.

அதன் பிறகு மலையில் அது ஒரு நாகரிகமாகிவிட்டது. அடுத்தடுத்த வருசங்களில் பிள்ளைகள் படிக்கப் போன வீடுகளிலெல்லாம் அப்படி ஒரு தாளை வாங்கி, லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். 'பொது விவரமும் அற்றவர்' என்று இருந்தால் தனி மதிப்பு. வெறும் 'கல்வி அற்றவர்' என்று வாங்கியவர்கள் மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டார்கள். லட்சுமணனின் அப்பா கீழே ஊரில் தங்கி எட்டாவது வரை படித்துவிட்டவர். கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தக் குடும்பத்தில் அதை மறைத்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

நாலு வருசம் முடிந்து அபிநயா பட்டத்தோடு மலைக்கு வந்தாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதே மாதம் அவள் தங்கை நதியா பன்னிரண்டாவது தேறி, அவளுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது. தாண்டவராயன் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நேராகக் கீழே போய் கோகுல்ராஜை ஜீப்போடு கூட்டி வந்துவிட்டார்.

"எங்க வூட்ல இன்னும் யாரும் பட்டம் வாங்கலைன்னு எழுதணும் சார்."

"பெரிய பொண்ணு?"

"அது படிக்கல சார்."

அபிநயா வாசலில்தான் நின்றிருந்தாள். "அப்பா" என்றாள்.

"செத்த சும்மா இரும்மா. உன் தங்கச்சி படிக்க வேணாமா?"

கூப்பிடாமலே ஊர் கூடிவிட்டது. இப்போது எல்லோருக்கும் தொழில் அத்துப்படி.

"மூணு வாட்டி சொன்னாலும் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஏறாதுங்க" என்றார் லட்சுமணன்.

"சாமைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள் சின்னக்குழந்தை அம்மாள். அது சாட்சியமா, நாலு வருசப் படிப்பைப் பற்றிய அபிப்பிராயமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

பெற்ற அப்பாவே சொன்னதால் கோகுல்ராஜ் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதி, அடியில் 'நான் எப்பட்டமும் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்' என்று முடித்துப் படிவத்தை அபிநயாவிடம் நீட்டினார். அவள் அப்பாவைப் பார்த்தாள், நதியாவைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, இங்கிலீஷில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கோகுல்ராஜ் கையெழுத்தைப் பார்த்தார். தாளை நாலாகக் கிழித்தார். வேறு படிவம் எழுதி, கைநாட்டுக்குப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார்.

"எந்தக் கை சார்? இடதா, வலதா?" என்று அபிநயா கேட்டாள்.

"படிக்காதவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா" என்றார் கோகுல்ராஜ்.